ஆறு போல்ட்டும் ஒரு விலக்கும்

இரவு ஒன்பதரை மணிக்கு எங்கள் டாங்கு லோரி துறையின் ஓரத்தில் போய் நின்றபோது மழை விட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. நல்லெண்ணப் பயணமாக வடக்கு மலேசியாவுக்கு வந்திருந்த ஒரு வெளிநாட்டுப் போர்க்கப்பலிலிருந்து பில்ஜ் நீரை, அதாவது எஞ்சின் அறையின் அடித்தட்டில் சேரும் எண்ணெய் கலந்த கழிவுநீரை, இறக்கி எடுத்துச் செல்வது அன்றைய வேலை. மொத்தம் 18 கன மீட்டர் என்றும், காலை ஆறு மணிக்குக் கப்பல் புறப்பட்டுவிடும் என்றும் கப்பல் முகவர் சொல்லியிருந்தார். என்னோடு வேலை செய்யும் தம்பி ஹோஸை இழுத்துக்கொண்டு போய், அதன் முனையிலிருந்த, போல்ட் போட்டு முடுக்கும் பிளாஞ்சு வளையத்தைக் கப்பலின் வெளியேற்றக் குழாயோடு சேர்த்து வைத்துப் பார்த்தான். எங்கள் வளையத்தில் ஆறு துளைகள் இருந்தன. கப்பலின் குழாய் வாயில் துளையே இல்லை. இரு பக்கமும் கைப்பிடியை மடக்கிப் பூட்டும் வேறு வகை இணைப்பு அது. "அண்ணே, இது சேராது," என்றான். தளத்தில் நின்ற பொறியியல் பிரிவு வீரர் டார்ச் வெளிச்சத்தில் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இதற்கான மாற்று வளையம் தங்களிடம் ஒன்று இருந்ததாகவும், முந்தைய துறைமுகத்தில் மாட்டியது திரும்பி வரவில்லை என்றும் மரியாதையோடு சொன்னார்.

அந்த இரவு முழுவதும் நாங்கள் செய்தது சுற்றுவழி வேலை. கப்பலின் பில்ஜ் டாங்கு மூடியைக் கழற்றி, உள்ளே வாயு இருக்கிறதா என்று அளந்து பார்த்து, காற்றில் இயங்கும் சிறிய டயாஃப்ராம் பம்பை இறக்கி, அதன் மெல்லிய குழாய் வழியாக லோரிக்கு இழுத்தோம். அதிகாலை நான்கரை மணிக்குப் புறப்பாட்டு ஏற்பாடுகள் தொடங்கவே, நிறுத்தச் சொன்னார்கள். லோரியின் அளவுக் கண்ணாடி 7 கன மீட்டர் காட்டியது. மீதி 11 கன மீட்டர் கப்பலோடு கடலுக்குப் போயிற்று. அது பின்னர் என்ன ஆயிற்று என்று அந்தக் கப்பலில் ஏறிச் சோதித்துப் பார்க்கும் உரிமை எனக்கோ, முகவருக்கோ, துறைமுகத்துக்கோ, நாட்டின் எந்த அதிகாரிக்கோ கிடையாது. அந்தப் பதினொரு கன மீட்டரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் பதினான்கு ஆண்டுகள் வணிகக் கப்பல்களில் எஞ்சின் அறைப் பொறியாளராக இருந்தவன். கரையேறிய பிறகு, கப்பல்களின் எண்ணெய்க் கழிவைச் சேகரிக்க உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தில், செபராங் பிறையில் வேலை செய்கிறேன். என் அப்பா பினாங்குத் துறைமுகத்தில் சுமை இறக்கும் தொழிலாளியாக இருந்தவர். சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும் தொங்காங்கு படகிலிருந்து படியில் கால் வைக்கும் இடமெல்லாம் அந்தக் காலத்தில் எண்ணெய் படிந்து கிடக்கும். வேலை முடிந்து வருபவரை வாசலிலேயே உட்கார வைத்து, மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் பாதத்தைத் துடைத்த பிறகுதான் அம்மா உள்ளே விடுவார். மண்ணெண்ணெயும் கறுப்பு எண்ணெயும் கலந்த அந்த வாடையோடு வளர்ந்ததால்தானோ என்னவோ, கடலில் எண்ணெய் மினுங்குவதைப் பார்த்தால் இன்றும் எனக்கு மனம் கொதிக்கிறது.

எங்கள் ஹோஸ் முனையிலிருந்த அந்த ஆறு துளைகள் யாரோ ஒரு பட்டறைக்காரர் தன் வசதிக்குப் போட்டவை அல்ல. கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்க 1973இல் உருவாகி, 1978இன் நெறிமுறையோடு இணைந்து, 1983 அக்டோபர் 2ஆம் தேதி நடைமுறைக்கு வந்த மார்போல் உடன்படிக்கை அவற்றை அளந்து வைத்திருக்கிறது. எண்ணெய்க் கழிவுக்கான இணைப்பு வளையத்தின் வெளிவிட்டம் 215 மில்லிமீட்டர். போல்ட்டுகள் அமையும் வட்டம் 183 மில்லிமீட்டர். 22 மில்லிமீட்டர் அளவில் ஆறு துளைகள். கனம் 20 மில்லிமீட்டர். கழிப்பறைக் கழிவுக்கு வேறு அளவு: 210 மில்லிமீட்டர் விட்டமும் நான்கு துளைகளும் கொண்டது. ராட்டர்டாமில் நிற்கும் ஹோஸும் சென்னையில் நிற்கும் ஹோஸும் பினாங்கில் நிற்கும் ஹோஸும் எந்தக் கொடி பறக்கும் வணிகக் கப்பலோடும் பொருந்த வேண்டும் என்பதற்காக, உலக நாடுகள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து போல்ட்டின் தடிமன் வரைக்கும் பேசி முடித்திருக்கின்றன. அனைத்துலகச் சட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான். இடம் கொடுக்காமல், சாக்குச் சொல்ல வழியில்லாமல், மில்லிமீட்டரில் எழுதப்பட்ட பக்கம்.

ஆனால் அதே உடன்படிக்கையின் மூன்றாவது பிரிவு, இது எதுவும் போர்க்கப்பல்களையும் கடற்படைத் துணைக் கப்பல்களையும் அரசின் வணிகமல்லாத பணியில் இருக்கும் மற்றக் கப்பல்களையும் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிடுகிறது. ஐக்கிய நாடுகளின் கடல் சட்ட உடன்படிக்கையின் 236ஆவது பிரிவும் இதையே சொல்கிறது. இந்த விலக்கு தெரிந்தவர்கள் பலர் பாதி வாக்கியத்தோடு நின்றுவிடுகிறார்கள். மறுபாதி இருக்கிறது: ஒவ்வொரு நாடும் தன் போர்க்கப்பல்களின் செயல்திறனுக்குக் குறை வராத வகையில் ஏற்பாடுகள் செய்து, நியாயமாகவும் நடைமுறையிலும் இயன்ற அளவுக்கு அவை இந்த உடன்படிக்கைக்கு ஒத்து நடக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக, போர்க்கப்பலுக்குக் கிடைத்திருப்பது அடுத்தவர் சோதனையிலிருந்து விலக்கு. கடமை அதன் தலைமேல் இருந்துகொண்டேதான் இருக்கிறது. அதை நிறைவேற்றினாயா என்று கேட்கும் அதிகாரம் மட்டும் சொந்த நாட்டிடம் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

"நடைமுறையில் இயன்ற அளவு" என்ற அந்தச் சொற்றொடரை நான் பல ஆண்டுகள் ஒரு தப்பிக்கும் வழியாகத்தான் நினைத்திருந்தேன். அந்த இரவுக்குப் பிறகு வேறு மாதிரிப் பார்க்கிறேன். அன்று அந்தக் கப்பலுக்கு நடைமுறையில் இயன்ற அளவு 7 கன மீட்டர். எங்கள் லோரியில் பொருத்தமான ஒரு வளையம் இருந்திருந்தால் அது 18 கன மீட்டராக இருந்திருக்கும். அந்த வளையம் இல்லாமல் போனதில் கப்பலுக்குப் பாதிப் பங்கு என்றால், எங்களுக்கும் பாதிப் பங்கு. இயன்ற அளவு எவ்வளவு என்பதைக் கரையில் நிற்கிறவனும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறான்.

அந்தப் பில்ஜ் நீரைக் கப்பலே சுத்திகரித்துக் கடலில் விட்டிருக்கலாமே என்று வாசகர் கேட்கக்கூடும். வணிகக் கப்பல்கள் அப்படித்தான் செய்கின்றன. 400 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் எண்ணெய்-நீர் பிரிப்பான் இருக்க வேண்டும். அதிலிருந்து வெளியேறும் நீரில் எண்ணெய் பத்து லட்சம் பங்குக்கு 15 பங்கைத் தாண்டக் கூடாது. ஆயிரம் லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிப்பானின் அடிப்படை மிக எளியது. எண்ணெய் லேசானது, மிதக்கும். தண்ணீர் கனமானது, கீழே தங்கும். நுண்ணிய துளிகளை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பெரிய துளிகளாக்கி மேலே எழுப்பும் வடிகட்டிகள் உள்ளே இருக்கும். வெளிவாயில் உள்ள அளவுமானி 15க்கு மேல் கண்டால், மும்முனை வால்வு தானாகத் திரும்பி, நீரை மீண்டும் பில்ஜ் டாங்குக்கே அனுப்பிவிடும்.

இந்த அழகான ஏற்பாட்டைக் கெடுக்க ஒரு வாளி சோப்புத் தண்ணீர் போதும். நான் இளநிலைப் பொறியாளராக இருந்தபோது நானே அதைச் செய்திருக்கிறேன். துறைமுகச் சோதனைக்கு முன்னால் எஞ்சின் அறையின் அடித்தட்டு பளபளப்பாக இருக்க வேண்டும் என்று, கிடைத்த கழுவுபொருளை எல்லாம் கொட்டித் தேய்த்துக் கழுவினேன். அடுத்த ஒன்பது நாட்கள் பிரிப்பான் ஒரு லிட்டர்கூட வெளியே விடவில்லை. மும்முனை வால்வு ஓயாமல் திரும்பித் திரும்பி நீரை உள்ளேயே அனுப்பியது. சோப்பு எண்ணெய்த் துளியைச் சுற்றி உறை போட்டுவிடும். அதன் பிறகு துளிகள் ஒன்று சேரா, மிதக்கா. மூன்று வடிகட்டிகளை மாற்றி, டாங்கைச் சூடேற்றி, கடைசியில் அடுத்த துறைமுகத்தில் முழுவதையும் காசு கொடுத்து இறக்கினோம். கடலில் போகவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல். 2005 முதல் புதிதாகப் பொருத்தப்படும் பிரிப்பான்களை இப்படிப் பால்போல் திரிந்த கலவையைக் கொண்டும் சோதித்தாக வேண்டும் என்று அனைத்துலகக் கடல்சார் அமைப்பு விதி வகுத்ததற்குக் காரணம், உலகம் முழுக்க என்னைப்போல் பலர் வாளியோடு நின்றதுதான்.

போர்க்கப்பலில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். அங்கே சுத்தம் ஒழுக்கத்தின் பகுதி, தினமும் கழுவுகிறார்கள். அன்று அந்தக் கப்பலிலிருந்து எடுத்த நீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வந்தேன். சாதாரணப் பில்ஜ் நீரைப் போத்தலில் பிடித்து வைத்தால், சில நிமிடங்களில் மேலே கறுப்பாக ஒரு விரல் கனத்துக்கு எண்ணெய் ஏறி, கீழே கலங்கல் தெளிந்துவிடும். இதுவோ தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர், நிறத்தில் இருந்தது. மறுநாள் பார்த்தேன், அதே நிறம். அலுவலகச் சன்னலோரத்தில் மூன்று வாரம் வைத்திருந்தேன். மெல்லிய ஒரு வளையம் மேலே கட்டியதைத் தவிர, நடுவில் எந்த மாற்றமும் இல்லை. அந்தக் கப்பலின் பிரிப்பான் எவ்வளவு நல்லதாக இருந்திருந்தாலும் இதைக் கடந்திருக்க முடியாது என்பதற்கு அந்தப் போத்தலே சாட்சி.

இடநெருக்கடியும் சேர்ந்துகொள்கிறது. ஒரு வணிகக் கப்பலில் இருபது, இருபத்தைந்து பேர் இருப்போம். அதில் பாதி நீளம்கூட இல்லாத போர்க்கப்பலில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இருப்பார்கள். பெரிய விமானந்தாங்கிக் கப்பலில் ஏறத்தாழ 5,000 பேர். அத்தனை பேரின் கழிப்பறை, குளியல், சமையல், துணி துவைப்பு எல்லாம் டாங்குக்குள் அடங்க வேண்டும். ஆனால் ஆயுதமும் எரிபொருளும் மின்கருவிகளும் பிடித்தது போக மிஞ்சும் இடத்தில்தான் கழிவு டாங்குக்கு இடம். கப்பலைக் காகிதத்தில் வரையும்போது யாராவது ஒருவர் அதற்காக வாதாடியிருந்தால் இடம் இருக்கும். இல்லையென்றால் முப்பது ஆண்டுகளுக்கு இல்லை.

வணிகக் கப்பலில் நான் கண்டிராத வேறு சில வெளியேற்றங்களும் உண்டு. சில வகைப் போர்க்கப்பல்களில் எரிபொருள் குறையக் குறைய அதே டாங்குக்குள் கடல்நீரை ஏற்றுகிறார்கள். எடை மாறாமல் இருந்தால்தான் கப்பல் நிலைகுலையாமல் நிற்கும் என்பதால் இந்த ஏற்பாடு. மறுபடி எரிபொருள் நிரப்பும்போது, அது உள்ளே வர வர, கடல்நீர் வெளியே தள்ளப்படுகிறது. டீசலோடு பல நாள் ஒட்டிக் கிடந்த நீர் அது. அவசரப்பட்டு வேகமாக நிரப்பினால் எண்ணெயும் சேர்ந்து வெளியே வரும். இதில் எந்தப் பிரிப்பானும் நடுவில் இல்லை; வால்வைப் பிடித்திருப்பவரின் பொறுமைதான் பிரிப்பான்.

"இயன்ற அளவு" என்ற வார்த்தையை விதியாக மாற்றும் முயற்சியில் நான் அறிந்தவரை மிக விரிவாக இறங்கியது அமெரிக்கா. அங்கே ஒவ்வொரு மாநிலமும் தன் கரையோரத்துக்கு வெவ்வேறு விதி போட்டால் ஒரு கடற்படைக் கப்பல் எதைப் பின்பற்றுவது என்ற கேள்வி எழுந்தது. 1996இல் அவர்களுடைய தூய நீர்ச் சட்டத்தைத் திருத்தி, படைத்துறைக் கப்பல்களுக்கென்று ஒரே சீரான வெளியேற்றத் தரங்களை உருவாக்கும்படி, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையையும் பாதுகாப்புத் துறையையும் சேர்த்துப் பணித்தார்கள். இரு துறைகளும் கப்பலின் உடம்பில் எந்தெந்த இடத்தில் நீர் வெளியேறுகிறது என்று தேடி, 39 வகைகளைப் பட்டியலிட்டன. குளிர்சாதனத்தில் சொட்டும் நீர் போன்ற 14 வகைகளால் பெரிய தீங்கில்லை என்று விட்டுவிட்டு, 25 வகைகளுக்குக் கட்டுப்பாடு தேவை என்று 1999இல் அறிவித்தன. நங்கூரச் சங்கிலி அறையில் தேங்கும் நீர், மேல்தளத்தைக் கழுவி ஓடும் நீர், ஒலியால் கடலடியைத் தேடும் சோனார் கருவியின் கூட்டிலிருந்து கசியும் நீர், கப்பலடிப் பூச்சிலிருந்து கரையும் செம்பு, தீயணைப்பு நுரை, நான் மேலே சொன்ன எரிபொருள் டாங்கின் கடல்நீர் என்று எல்லாமே அதில் உண்டு.

பட்டியல் போட்டதோடு வேலை முடியவில்லை. முதல் 11 வகைகளுக்கான தரங்கள் 2017இலும் அடுத்த 11 வகைகளுக்கானவை 2020இலும்தான் வெளிவந்தன. சட்டத்துக்கும் அதற்கும் இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இந்தத் தாமதத்தை நியாயப்படுத்த முடியாது. ஆனாலும் அவர்கள் வேலை செய்த முறையை நான் மதிக்கிறேன். ஒவ்வொரு வெளியேற்றத்தையும் ஏழு அளவுகோல்களால் நிறுத்துப் பார்க்கச் சட்டம் சொல்கிறது. கழிவின் தன்மை, அதனால் வரும் கேடு, கருவி பொருத்துவது நடைமுறையில் இயலுமா, கப்பலின் செயல்திறன் பாதிக்கப்படுமா, செலவு என்ன என்பவை அவற்றில் அடங்கும். மார்போல் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன "இயன்ற அளவு" இங்கே 25 தனித்தனிக் கேள்விகளாகப் பிரிகிறது. குளியலறை, துணி துவைப்பு, சமையலறைத் தொட்டி ஆகியவற்றிலிருந்து வரும் சாம்பல் நீரை மார்போல் கண்டுகொள்வதே இல்லை. இந்தப் படைத்துறைத் தரங்கள் அதையும் சேர்த்திருக்கின்றன. விலக்குப் பெற்ற கப்பல் ஒரு விஷயத்தில் விலக்கில்லாத கப்பலைவிடக் கூடுதலாகக் கட்டுப்பட முடியும் என்பதற்கு அது போதும்.

பிளாஸ்டிக்கிலும் இதே கதைதான். மார்போலின் ஐந்தாவது இணைப்பு பிளாஸ்டிக்கை எந்தக் கடலிலும் எறியக் கூடாது என்கிறது. அமெரிக்கக் கடற்படையின் மேற்பரப்புக் கப்பல்களுக்கு 1998 முடிவுவரை அவர்கள் நாட்டுச் சட்டமே தவணை கொடுத்தது. அந்தத் தவணைக்குள், பிளாஸ்டிக் குப்பையைச் சூடாக்கி அழுத்தி, பெரிய தோசைக்கல் அளவுக்கு வட்டமான கட்டிகளாக்கும் இயந்திரங்களைக் கப்பல்களில் பொருத்தினார்கள். கட்டியானால் நாற்றம் குறையும், இடம் குறையும், கரை வரும்வரை அடுக்கி வைக்கலாம். வாரக்கணக்கில் கரை தொடாத கப்பலில் குப்பையை வைத்துக்கொள்ள முடியாது என்ற வாதம் ஒரு இயந்திரம் வந்ததும் செல்லாமல் போயிற்று.

எல்லா விலக்கும் சாக்கு என்று நான் சொல்ல மாட்டேன். 1967 ஜூலை 29ஆம் தேதி, வியட்நாம் கரைக்கு அப்பால் ஃபாரஸ்டல் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் தீப்பிடித்து 134 பேர் இறந்தார்கள். எரியும் எண்ணெய்மீது படலம்போல் பரவி அணைக்கும் நுரை கடற்படைகளில் வேரூன்றியதில் அந்தத் தீக்குப் பெரிய பங்குண்டு. அந்த நுரையில் உள்ள ஃபுளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் உடம்பிலும் அழியாமல் தங்குபவை. அவற்றில் ஒன்றான பிஎஃப்ஓஎஸ் 2009இல், அழியாமல் தங்கும் நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் ஏறியது. அமெரிக்கா தன் படைத்தளங்களில் இந்த நுரையை நிறுத்தச் சட்டம் இயற்றியபோதும், கடலோடும் கப்பல்களுக்கு விலக்குக் கொடுத்தது. எஞ்சின் அறைத் தீயை ஒருமுறை நேரில் பார்த்தவன் என்ற முறையில் அந்த விலக்கை என்னால் குறை சொல்ல முடியாது. ஆனால் தீ எரியும்போது நுரையைப் பயன்படுத்துவது வேறு, துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும்போது பயிற்சிக்காகப் பீய்ச்சுவது வேறு. முன்னதற்குத்தான் விலக்கு வேண்டும். இரண்டையும் ஒரே வரியில் கட்டிப்போடுவதால்தான் விலக்கு கெட்ட பெயர் வாங்குகிறது.

இனி எங்கள் நீரிணைக்கு வருகிறேன். மார்போலின்படி, சாப்பாட்டுக் கழிவை அரைத்தால் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பாலும், அரைக்காவிட்டால் 12 கடல் மைலுக்கு அப்பாலும்தான் கொட்டலாம். கழிப்பறைக் கழிவுக்கும் இதே இரண்டு எல்லைகள்தாம்: அரைத்துக் கிருமி நீக்கினால் 3, எதுவும் செய்யாவிட்டால் 12, அதுவும் கப்பல் குறைந்தது 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பினாங்குத் தீவுக்கும் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்கும் இடையில் பெரி என்னும் பயணிகள் படகு ஓடும் தூரம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர்தான். அந்த நீரிணையின் நடுவில் நின்றாலும் இரு கரையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இன்னும் தெற்கே, மலாக்கா நீரிணை முடியும் பிலிப் கால்வாயில் அகலம் 2.8 கிலோமீட்டராகச் சுருங்குகிறது. 12 கடல் மைல் என்ற எல்லை திறந்த கடலுக்கு எழுதப்பட்டது. இங்கே அதைத் தேடி மேற்கே ஓட வேண்டும். கட்டிக்கிடக்கும் கப்பலுக்கு இங்கே ஒரே நியாயமான வழி, கழிவை டாங்கில் வைத்திருந்து கரையில் இறக்குவது.

அந்தக் குறுகிய நீரில் என்னென்ன வாழ்கிறது என்பதை வெளியூர்க்காரர்கள் அறிவதில்லை. முதலாம் பினாங்குப் பாலத்துக்கு அருகில் மிடில் பேங்க் என்னும் கடல்புல் மேடு இருக்கிறது. நீர் நன்றாக வற்றும் நாட்களில் பச்சையாக மேலே தெரியும். கடல் அட்டையும் நண்டும் மீன்குஞ்சும் அங்கே வளர்கின்றன. அந்தப் பக்கம் ஜூரு கரையோரத்தில் கெராங் சிப்பி வளர்ப்பு. சிப்பி சேற்றில் உட்கார்ந்து, வரும் நீரையெல்லாம் வடிகட்டித் தின்னும் உயிர்; நீரில் இருப்பது அதன் சதையில் சேரும். அது வணிகக் கப்பலின் எண்ணெயா, போர்க்கப்பலின் எண்ணெயா என்று சிப்பிக்குப் பேதம் தெரியாது. 1914 அக்டோபர் 28ஆம் தேதி ஜெர்மனியின் எம்டன் இந்தத் துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யாவின் ஜெம்சுக்கை மூழ்கடித்த நாளிலிருந்து போர்க்கப்பல் எங்களுக்குப் புதிதல்ல. இன்றும் நட்பு நாட்டுக் கப்பல்கள் வருகின்றன, எங்கள் பிள்ளைகள் துறையோரம் நின்று கையசைக்கிறார்கள். கடலைக் காக்க வந்த கப்பல் அதைக் கெடுத்துவிட்டுப் போனால் வேலியே பயிரை மேய்ந்ததாகிவிடும். அப்படி வருகிறவர்களில் பெரும்பாலோர் அதை விரும்புவதில்லை என்பதை நான் பேசிப் பார்த்து அறிவேன்.

மலேசியா 1997இல் மார்போலில் சேர்ந்தது. கரையில் நமக்கு 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், அதன்கீழ் 2005இல் வந்த பட்டியலிட்ட கழிவு விதிகளும் இருக்கின்றன. கப்பலிலிருந்து எங்கள் லோரிக்கு இறங்கிய நொடியில் அந்த நீர் பட்டியலிட்ட கழிவாகிவிடுகிறது. எண்ணெயும் நீரும் கலந்தது ஒரு குறியீட்டில், எண்ணெய்ச் சேறு இன்னொரு குறியீட்டில், பயன்படுத்திய மசகெண்ணெய் மற்றொன்றில் என்று பிரித்து, யாரிடமிருந்து வந்தது, எவ்வளவு, எங்கே போகிறது என்று பதிவு செய்தாக வேண்டும். கையிருப்பில் 180 நாட்களுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ வைத்திருக்கக் கூடாது. இது நல்ல சட்டம். ஆனால் இங்கேதான் போர்க்கப்பலோடு ஒரு முட்டுக்கட்டை வருகிறது.

வணிகக் கப்பலில் தலைமைப் பொறியாளர் எண்ணெய்ப் பதிவேட்டைத் திறந்து வைப்பார். ஒவ்வொரு டாங்கின் கொள்ளளவும், எந்த நேரத்தில் எந்த அட்சரேகையில் பிரிப்பான் ஓடியது என்பதும் அதில் இருக்கும். மூன்று ஆண்டுகள் அதைப் பாதுகாக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை வரிசையாகப் படித்தால் கப்பல் எங்கே இருந்தது, எவ்வளவு வேகத்தில் ஓடியது, எவ்வளவு எரித்தது என்று ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம். ஒரு போர்க்கப்பல் அதை லோரிக்காரரிடம் காட்டுமா? காட்டாது, காட்டவும் கூடாது. அதனால் சில கப்பல்களில், கழிவைக் கொடுக்க மனமிருந்தும், எழுத்தில் எதையும் கொடுக்க மறுக்கிறார்கள். எழுத்தில்லாமல் எங்களால் எடுக்க முடியாது. இரண்டு நியாயங்கள் மோதி, நடுவில் கழிவு டாங்கிலேயே கிடக்கிறது.

இதற்கு நாங்கள் கண்ட வழி சிறியது. கப்பலின் டாங்கு அளவைக் கேட்பதை விட்டுவிட்டு, எங்கள் லோரியில் இறங்கிய அளவை மட்டும் எங்கள் மீட்டரில் காட்டி, அதற்கு மட்டும் முகவரை முன்னிறுத்திக் கையெழுத்து வாங்குகிறோம். கப்பலின் பதிவேடு கப்பலிலேயே இருக்கட்டும். ஆனால் அது இருக்க வேண்டும், நேர்மையாக எழுதப்பட வேண்டும், அவர்கள் நாட்டுக்குத் திரும்பியதும் அங்கே அதிகாரமுள்ள ஒருவர் அதைப் படிக்க வேண்டும். அந்நியர் பார்க்கக் கூடாது என்பது ஒரு புத்தகத்தை எழுதாமலே விடுவதற்குக் காரணம் ஆகாது.

நம் துறைமுகங்களிடம் நான் கேட்பதும் பெரிதல்ல. போர்க்கப்பல் வருவது வாரக்கணக்கில் முன்கூட்டியே தெரிந்த செய்தி; வரவேற்புக்கு மேளதாளம் ஏற்பாடாகிறது, குடிநீருக்கும் எரிபொருளுக்கும் ஏற்பாடாகிறது. கழிவு லோரியை மட்டும் கப்பல் கட்டிய பிறகு முகவர் தொலைபேசியில் தேடுகிறார். வருகைக்கான கடிதப் போக்குவரத்திலேயே மூன்று கேள்விகளைச் சேர்க்கலாம்: உங்கள் வெளியேற்றக் குழாயின் இணைப்பு எந்த வகை, எண்ணெய்க் கழிவும் கழிப்பறைக் கழிவும் ஏறத்தாழ எவ்வளவு, எந்தக் கழுவுபொருளைப் பயன்படுத்துகிறீர்கள். இவற்றில் எந்தப் படை ரகசியமும் இல்லை. மூன்றாவது கேள்வியைச் சிலர் தேவையற்றது என்பார்கள். எனக்கு அதுதான் முக்கியம். அந்தத் தே தாரிக் போத்தலை உடைக்கும் மருந்து எது என்று எங்கள் சுத்திகரிப்பு ஆலைக்கு முன்கூட்டியே தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

அந்த இரவு முடிந்து வந்த வாரத்தில், பிறையில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். ஒரு பக்கம் ஆறு துளை, 183 மில்லிமீட்டர் வட்டம். மறுபக்கம் மடக்கிப் பூட்டும் இணைப்பு. பட்டறைக்காரர் என் படத்தைப் பார்த்துவிட்டு, "எத்தனை வேணும் அண்ணே?" என்றார். வெவ்வேறு அளவில் ஐந்து கடையச் சொன்னேன். ஒவ்வொன்றும் நானூறு ரிங்கிட்டுக்குள் முடிந்தது. நிறுவனத்தில் கணக்குக் கேட்டார்கள். பதினொரு கன மீட்டரைச் சொன்னேன், மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள்.

ஐந்து வளையங்களும் இப்போது லோரியின் பக்கவாட்டுப் பெட்டியில், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டுகளோடு, வரிசையாகக் கொக்கியில் தொங்குகின்றன. அண்மையில் வேறொரு நாட்டுக் கப்பல் வந்தபோது மூன்றாவது வளையம் சரியாகப் பொருந்தியது. மாலை ஏழு மணிக்குத் தொடங்கி பதினொன்றரைக்குள் 22 கன மீட்டர் இறங்கியது. டாங்கின் அடியில் பம்பு காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்கும்வரை எடுத்தோம். எங்கள் மீட்டரைப் பார்த்து முகவர் எழுதினார், கப்பலின் அதிகாரி சரியென்று தலையசைத்தார். தம்பி ஹோஸைக் கழற்றி, வளையத்தைத் துணியால் துடைத்து, பெட்டியைத் திறந்து, ஐந்தும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்த பிறகே மூடினான்.